தீக்காயத்தில் வைத்த தோல் நகராமலிருக்க ஸ்டேபிள், தையல், பசை: எது நல்லது?

உறவினர் ஒருவருக்குத் தீக்காயத்தின் மேல் தோல் ஒட்டு (உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தோல்) வைக்கவிருப்பதாகவும், அதை நிலைநிறுத்த ஸ்டேபிள் (சிறு உலோகக் கொக்கி), தையல், பசை ஆகிய மூன்றில் எது உறுதியானது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தீக்காயப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் கட்டுப் பிரித்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஒட்டுத்தோலை உண்மையில் பிடித்துக்கொள்வது இம்மூன்றும் அல்ல, காயத்தின் தளத்தில் ஊறும் ஃபைப்ரின் என்ற புரதம்தான். முதல் இரண்டு நாட்கள் அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. அடியில் கசியும் நீரை உறிஞ்சியே அது உயிரோடிருக்கிறது. பிறகு நுண்ணிய ரத்தக் குழாய்கள் கீழிருந்து வந்து இணைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் ஓட்டம் நிலைபெறுகிறது. அதற்குள் தோல் சற்றே வழுக்கினாலும், அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலும், அந்த இடம் கறுத்துப்போகும். ஆகவே அறுவை மருத்துவர் தேடுவது நிரந்தரப் பிடிப்பை அல்ல, சில நாட்களின் அசைவின்மையை.

காயம் பெரிதாக இருந்தால் ஸ்டேபிளைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் உடல் வெப்பம் குறைந்துகொண்டே வரும் வேளையில், தைப்பதற்கு ஆகும் நேரத்தில் சிறு பகுதியிலேயே வேலையை முடித்துவிடலாம் என்பது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் அதன் விலையை நோயாளி பின்னர் கொடுக்கிறார். ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது வலிக்கும். சில தோலுக்குள் புதைந்து, வாரங்கள் கழித்து முள்போல் தலைகாட்டும். குழந்தைகளுக்கு அதற்காகவே மீண்டும் மயக்கம் கொடுக்க வேண்டி வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். முடிந்தவரை குழந்தைகளுக்கு வேறு வழி தேட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

முகத்திலும் கைவிரல்களிலும், தானே கரையும் நூலால் தைப்பது பொருத்தமானது. ஃபைப்ரின் பசை வேறு வகையில் வேலை செய்கிறது: ஸ்டேபிளும் தையலும் பெரும்பாலும் விளிம்புகளைப் பிடிக்க, இது அடிப்பரப்பு முழுவதையும் தளத்தோடு பொருத்துவதால் நீர் தேங்க இடம் குறைகிறது, பிடுங்கி எடுக்கவும் எதுவுமில்லை. தீக்காய ஒட்டுக்கென அமெரிக்காவில் 2008-இல் அனுமதி பெற்ற வகை, தோலைச் சரிசெய்ய ஒரு நிமிடம் அவகாசம் தந்து மெதுவாக இறுகும். மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து செய்யப்படுவதால் விலை அதிகம். சூப்பர் குளூ வகையைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதை விளிம்பில் மட்டுமே தடவலாம், அடியில் போனால் தளத்துக்கும் தோலுக்கும் நடுவே சுவராகிவிடும்.

அக்குள், கழுத்து போன்ற பள்ளமான இடங்களில் பஞ்சுத் திண்டை வைத்து அதன் மேல் நூலை இழுத்துக் கட்டுவார்கள், அல்லது காற்றை உறிஞ்சும் எதிரழுத்தக் கட்டுப் போடுவார்கள். மூட்டு என்றால் எந்த முறையானாலும் அதை அசையாமல் வைக்கும் மட்டைக் கட்டு அவசியம். என் அனுபவத்தில், மட்டையைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிய நோயாளிகளிடம்தான் தோல் அதிகம் நழுவியிருக்கிறது.

உங்கள் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: முதல் கட்டை எந்த நாளில் பிரிப்பார்கள் (பெரும்பாலும் ஐந்தாம் நாளையொட்டி), ஸ்டேபிள் போட்டால் அதை எடுக்கும் முன் வலிநிவாரணி தருவார்களா? காய்ச்சலோ துர்நாற்றமோ தென்பட்டால், அந்த நாள் வரை காத்திராமல் உடனே சொல்லுங்கள்.