‘முன்’ படத்தில் நிழல், ‘பின்’ படத்தில் வெளிச்சம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். முகப்பரு கிரீம் விளம்பரத்தில் வரும் ‘முன்–பின்’ படங்களை நம்பி மூன்றாவது டியூபும் வாங்கிவிட்டாள். ஏமாற்று என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, தக்கலை

பதில்: சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கண் நம்பிய பிறகு வாய்ச்சொல் எடுபடாது. அந்த இரண்டு படங்களையும் அவளையே வைத்து எடுத்துக் காட்டுங்கள். கால் மணி நேர வேலைதான்.

போன் கேமராவில் ‘பியூட்டி’ வசதியை முதலில் அணையுங்கள். முதல் படத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, உச்சியில் எரியும் பல்புக்கு நேர் கீழே நிற்கட்டும். முடியை இழுத்துக் கட்டி, எண்ணெய் வழியும் முகத்தைத் துடைக்காமல், தலையைச் சற்றுக் குனிந்து, சிரிக்காமல், போனை ஓரடி தூரத்தில் பிடித்து எடுக்க வேண்டும். இரண்டாவது படத்துக்கு முகத்தைக் கழுவித் துடைத்து, நேர் வெயில் விழாத ஜன்னலிலிருந்து ஆறடி தள்ளி, ஜன்னலைப் பார்த்தபடி உட்காரட்டும். மடியில் ஒரு வெள்ளைத் துவர்த்தை (துண்டை) விரியுங்கள். நீங்கள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று, இருமடங்கு ஜூம் வைத்து, சிரிக்கச் சொல்லி எடுங்கள். ஜன்னலை மறைத்து நின்றால் படம் கெட்டுவிடும். நேர் வெயில் பட்டாலும் கெட்டுவிடும், நிழல் திரும்ப வந்துவிடும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பருவுக்கும் கீழே ஒரு சின்ன நிழல் விழும், அந்த நிழல்தான் பருவைப் பெரிதாகக் காட்டும். முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அந்த நிழல் விழ இடமில்லை. மடியிலுள்ள வெள்ளைத் துணி தாடைக்கு அடியிலுள்ள இருட்டையும் போக்கிவிடும். போனை முகத்துக்கு அருகே பிடித்தால் மூக்கு பெருத்துத் தெரியும், தள்ளிப் பிடித்தால் அடங்கிவிடும். பத்து நிமிடத்தில் பரு எங்கும் போகவில்லை, விளக்குதான் இடம் மாறியது.

இனி விளம்பரத்தை நிறுத்தி வைத்து, முகத்தை விட்டுவிட்டுக் கருவிழியைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘முன்’ படத்தில் கண் மங்கிக் கிடக்கும். ‘பின்’ படத்தில் கருவிழிக்குள் சதுரமாகவோ வளையமாகவோ ஒரு வெள்ளை ஒளி இருக்கும். அதுதான் முன்னால் வைத்த விளக்கின் பிம்பம். ஒருமுறை இதைக் கண்டுகொண்ட பிள்ளை அடுத்த விளம்பரத்தில் தானாகவே அதைத் தேடும்.

இதைவிட முக்கியமான ஒன்று. டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலியும், நிறுத்தினால் சிவந்து எரிந்து பரு கூடும். தோல் மருத்துவர் சொல்லாமல் அதை முகத்தில் தொடவே கூடாது. ஏற்கெனவே பல நாள் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

புகார் செய்ய விரும்பினால் விளம்பரத்தின் படம், சேனல், தேதி, நேரம் ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

கேள்வி: ஆறு வயதுப் பேரன் டிவி விளம்பரத்தில் காண்பதெல்லாம் வேண்டும் என்று அழுகிறான்.
– வாசகர், குலசேகரம்

பதில்: அது அடம் அல்ல, அடிக்காதீர்கள். எட்டு வயதுக்குள் ‘இது விற்பதற்காகச் சொல்கிறார்கள்’ என்பது பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் சொன்னதும் இதுதான். இடைவேளை வந்ததும் ஒலியை நிறுத்துங்கள், பாதி மயக்கம் விளம்பரப் பாடலில்தான் இருக்கிறது. கடைக்குப் போகும்போது விளம்பரத்தில் கண்ட பொம்மையை அவன் கையில் கொடுத்து ஸ்கேலால் அளக்கவிடுங்கள். திரையில் அறையை நிறைத்த கார் உள்ளங்கையில் அடங்குவதை அவனே பார்ப்பான்.

கேள்வி: ‘செய்கூலி இல்லை’ என்ற பெரிய போர்டைப் பார்த்து நகைக்கடைக்குப் போனோம். பில் வேறு மாதிரி வந்தது. எங்கே தவறினோம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போர்டில் மணப்பெண் கழுத்து நிறைய நகை போட்டிருப்பாள். அதைப் பார்த்த கண்ணுக்கு மூன்று பவுன் மாலை சின்னதாகப்படும், அப்போதே கை தாராளமாகிவிடும். அடுத்து, ‘சேதாரம் 3% முதல்’ என்பதில் ‘முதல்’ மட்டும் சுண்டெலி எழுத்தில் இருக்கும். மூன்று பவுன் என்றால் 24 கிராம். 3% சேதாரம் 0.72 கிராம். நீங்கள் ஆசைப்பட்ட டிசைனுக்கு 16% என்றால் 3.84 கிராம். நடுவில் மூன்று கிராமுக்கு மேல் போய்விட்டது. செய்கூலி இல்லாததன் விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. டிசைன் பிடித்துப்போகும் முன்பே சேதார சதவீதத்தைக் கேளுங்கள். கல் எடையைக் கழித்தார்களா என்று பாருங்கள். நகையிலுள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபாருங்கள்.

கேள்வி: சாலையோரக் கடைக்கு 10 அடிக்கு 4 அடி பிளெக்ஸ் வைத்தேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எழுத்து சிறியதாக இருக்கும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஐந்து நொடியில் சுமார் 55 மீட்டர், அதாவது 180 அடி கடக்கும். அந்த ஐந்து நொடியில் படிக்க வேண்டுமென்றால் எழுத்து 18 அங்குலம் வேண்டும். உங்கள் நாலடிப் பலகையில் பெரிய வரி ஒன்றும், அதில் பாதி உயரத்தில் இன்னொன்றும்தான் பிடிக்கும். ஆகவே என்ன விற்கிறீர்களோ அது மேலே, கடைப்பெயர் கீழே. தெய்வப்படம், முதலாளி படம், கிளைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ‘கி’யின் கொக்கி மேலே ஏறும், ‘கு’, ‘மூ’ கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளியை விட்டால் வரிகள் முட்டும். அதிகத் தடிமன் எழுத்தில் ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். நடுத்தரத் தடிமன் போதும், மஞ்சளில் கறுப்பு நன்றாகத் தெரியும். கணினியில் மின்னும் பச்சை அச்சில் மங்கும், ஓரடித் துண்டு அடித்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். உள்ளாட்சி அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவள்ளுவர் சிலையின் அடியில் நின்றால் மனம் ஒடுங்குகிறது. கட்அவுட்டும் இதே உத்திதானே?
– வாசகி, அகஸ்தீஸ்வரம்

பதில்: அண்ணாந்து பார்க்க வைப்பது இரண்டுக்கும் பொது. கட்அவுட்டுக்கு உயரம் மட்டுமே பேச்சு. 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட இந்தச் சிலையில் கணபதி ஸ்தபதி ஒவ்வொரு அடிக்கும் பொருள் வைத்தார். மொத்தம் 133 அடி, 133 அதிகாரம். அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95-க்கு 95 அடிச் சிலை. பொருளும் இன்பமும் அறத்தின்மேல் நிற்கின்றன என்பதைக் கல்லில் சொல்லிவிட்டார். இடுப்பில் ஒரு சின்ன வளைவு இருப்பதால் அத்தனை கனமும் இறுகித் தெரிவதில்லை. அடியில் நின்று எடுத்தால் முகம் சிறுத்துப் பீடம் பெருத்துவிடும். படகிலிருந்து ஜூம் வைத்து எடுங்கள், அந்த வளைவு தெரியும்.