நான்கு வயதில் முன்தோல் இறங்காவிட்டால் அறுவை சிகிச்சை வேண்டுமா?

பெரம்பூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் மகனுக்கு 4 வயது. ஆண்குறியின் முன்தோல் பின்னால் இறங்கவில்லை; சிறுநீர் போகும்போது தோல் சற்று உப்புகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. தினமும் எண்ணெய் தடவிப் பின்னுக்கு இழுக்கச் சொல்கிறார் என் மாமியார். அமெரிக்காவில் பிறந்தவுடனே நீக்கிவிடுவார்கள், நாமும் செய்துவிடலாம் என்கிறார் நாத்தனார். எது சரி?"

இரண்டும் வேண்டாம். பிறக்கும்போது முன்தோல் ஆண்குறியின் நுனி மொட்டுடன் ஒட்டியே இருக்கும். அது தானாகப் பிரியப் பல ஆண்டுகள் ஆகலாம். டென்மார்க்கின் பள்ளி மாணவர்களைப் பரிசோதித்து மருத்துவர் யாகோப் ஓஸ்டர் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், 6, 7 வயதினரில் 8 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட முன்தோல் இறுக்கம், 16, 17 வயதினரில் 1 விழுக்காடாகக் குறைந்திருந்தது. வலிந்து இழுத்தால் தோல் கிழிந்து தழும்பாகி, இல்லாத இறுக்கத்தை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

சமயச் சடங்காகச் செய்யப்படும் சுன்னத்தின் கதை வேறு. உங்கள் நாத்தனார் சொல்லும் மருத்துவ வழக்கத்தின் கதை வேறு. 1870-இல் நியூயார்க் மருத்துவர் லூயிஸ் சேயர், கால்கள் முடங்கிய 5 வயதுச் சிறுவனுக்கு முன்தோலை நீக்கியதும் அவன் தேறியதாக அறிவித்தார். அதன்பின் வலிப்பு முதல் சுய இன்பப் பழக்கம் வரை எல்லாவற்றுக்கும் இதுவே பரிகாரம் என்று ஆங்கிலம் பேசும் நாடுகளின் மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பிரிட்டனில் 1949-இல் குழந்தை மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர், இச்சிகிச்சையால் ஆண்டுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு அங்கே வழக்கம் வெகுவாகத் தேய்ந்தது, அமெரிக்காவில் நீடித்தது. ஆப்பிரிக்க ஆய்வுகளின் அடிப்படையில் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. தடுப்புக்கு இதைப் பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் அது அந்நோய் மிகுந்த பகுதிகளின் ஆண்களுக்கானது.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்கிதையோ, முன்தோல் இறுக்கத்துக்கு நெய் தடவிய குழாயை நுழைத்து, மூன்று நாளுக்கொரு முறை அதன் பருமனைக் கூட்டி வழியை மெல்ல அகலப்படுத்தச் சொல்கிறது. (வீட்டில் முயன்றுவிடாதீர்கள்.) இன்று அந்த வேலையை மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பு சில வாரங்களில் செய்துவிடுகிறது. உங்கள் மகனுக்கு இப்போது அதுவும் தேவையில்லை. குளிக்கும்போது வெளிப்புறத்தைக் கழுவினால் போதும்.

தோல் நுனி வெளுத்துத் தழும்பானாலோ, சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். பின்னுக்குப் போன தோல் திரும்பாமல் மொட்டைச் சுற்றி இறுகி வீங்கினாலோ, சிறுநீரே வெளியேறாவிட்டாலோ, நள்ளிரவானாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு உடனே கிளம்பிவிடுங்கள்.