'லே கோரிஸ்த்' பிரெஞ்சுப் படம் வழக்கமான 'நல்லாசிரியர்' படம்தானா? அதில் தனியாக என்ன இருக்கிறது?

ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பில் குழுப்பாட்டு. நான் குள்ளம் என்பதால் முதல் வரிசை. இரண்டாவது நாள் ஒத்திகையில் பாட்டு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வாயருகிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். "கண்ணு, நீ வாயை மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது, சரியா?" என்றார். விழாவில் சொன்னபடியே செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை, "உன் குரல்தான்டா தனியா எடுப்பாக் கேட்டுச்சு" என்றார்.

இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது கோர்பான் என்ற பையன்தான். விமர்சனங்களில் அவன் பெயர் அவ்வளவாக வராது. ஒரு விடுதிப் பள்ளியில் பாடகர் குழு சேர்க்கும் மேற்பார்வையாளர் மத்யூ, பையன்களை ஒவ்வொருவராகப் பாடச் சொல்லி, நீ சோப்ரானோ (உச்சக்குரல்), நீ ஆல்டோ (இடைக்குரல்), நீ பாஸ் (அடிக்குரல்) என்று பிரித்துக்கொண்டே வருவார். (ஒருவன் இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரோடு ஒத்துழைத்த பெத்தான் ஆட்சியைப் புகழும் போர்க்காலப் பாட்டை எடுத்துவிடுவான். போர் முடிந்து நாலு வருடமாகியும் அவனுக்குத் தெரிந்தது அதுதான்.) கோர்பானுக்குச் சுருதி என்பது சுத்தமாக இல்லை. அவனை மத்யூ வெளியே அனுப்பவில்லை, வாயை மட்டும் அசை என்றும் சொல்லவில்லை. ஸ்வரத்தாள் வைக்கும் ஸ்டாண்டாக ஆக்கிவிடுவார். அதாவது, மத்யூ கை அசைத்து நடத்தும்போது அவருக்கு முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஒரு பாட்டும் தெரியாத குட்டிப் பையன் பெப்பினோ உதவி நடத்துநர். ஆக, ஒருவன்கூட வெளியே இல்லை. என் பாட்டு டீச்சர் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் படம் வந்தது 2004-இல், அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 1949, பிரான்ஸ். அடங்காத பையன்களையும் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் அடைத்துவைத்த ஒரு விடுதிப் பள்ளி. பெயரே 'குளத்தின் அடி' என்று பொருள்படும். அங்கே மேற்பார்வையாளர் வேலைக்கு வந்து சேர்கிறார் கிளெமான் மத்யூ. வழுக்கைத் தலை, கட்டை உருவம், எடுபடாமல் போன இசைக்காரர், இனி இசையைத் தொடுவதில்லை என்று சபதம் வேறு. தலைமை ஆசிரியர் ராஷானுக்குத் தெரிந்த கல்விமுறை ஒன்றே ஒன்றுதான்: நீ ஒன்று செய்தால் உனக்கு ஒன்று விழும். மத்யூவாக ஜெரார் ஜுன்யோ, ராஷானாக பிரான்சுவா பெர்லேயான். இரண்டு பேரும் அளவாகச் செய்திருக்கிறார்கள்.

இப்படிப் பள்ளி இருந்திருக்குமா என்று சிலருக்குத் தோன்றலாம். பிரான்சில் இதைவிட மோசமாகவே இருந்தன. பெல் ஈல் தீவில் இருந்த சிறார் சீர்திருத்தக் கூடத்தில் 1934-இல் சூப்புக்கு முன்னால் பாலாடைக்கட்டியைக் கடித்த ஒரு பையனை அடித்ததில் கலகம் வெடித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சுவரேறிக் குதித்துத் தப்பினார்கள். பிடித்துக் கொடுத்தால் தலைக்கு 20 ஃபிராங்க். சுற்றுலா வந்தவர்கள்கூட வேட்டைக்குக் கிளம்பினார்கள். 1945 பிப்ரவரியில் வந்த அவசரச் சட்டம்தான் தவறு செய்யும் சிறுவர்களுக்குத் தண்டனையைவிட வளர்ப்பும் கல்வியும் முதலில் என்றது. படத்தின் கதை அதற்கு நாலு வருடம் கழித்து நடக்கிறது. ராஷானுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வழக்கமான நல்லாசிரியர் படத்தில் ஆசிரியர் வருவார், பையன்கள் திருந்துவார்கள், கடைசியில் ஒரு போட்டி, கைதட்டல், கண்ணீர். இதில் போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. மத்யூ தியாகியும் இல்லை. இரவில் பையன்கள் அவருடைய மொட்டைத் தலையைப் பீரங்கிக்குண்டு என்று கிண்டலடித்துப் பாடுகிறார்கள். கேட்டவருக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம்: இதுகளுக்குக் குரல் இருக்கிறதே! ராத்திரியில் மறுபடி பேனாவை எடுத்து எழுத ஆரம்பிக்கிறார். தன் பாட்டைப் பாட அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது. இந்தக் கொஞ்சம் சுயநலம்தான் எனக்கு அவரைப் பிடிக்கவைத்தது.

இன்னொன்று, இசையால் எல்லாரும் திருந்திவிடுவதில்லை. மொந்தான் என்று ஒரு முரடன் வருவான், வயதில் பெரியவன், குரல் உடைந்தவன். அவனுடைய பாரிடோன் (கனத்த ஆண்குரல்) குழுவில் வேறு யாருக்கும் கிடையாது. பள்ளிப் பணம் காணாமல் போகிறது, பழி அவன்மேல் விழுகிறது, ராஷான் அடிக்கிற அடியில் நமக்கே வலிக்கும். அவன் பிறகு செய்யும் காரியத்துக்கு எந்தப் பாட்டாலும் பரிகாரம் கிடையாது. பணத்தை எடுத்தவன் யார் தெரியுமா? நம் ஸ்டாண்டு கோர்பான்தான். வெப்பக்காற்று பலூன் வாங்க ஆசையாம்! மத்யூ உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லியும் பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட மொந்தானைத் திரும்ப அழைக்க ராஷான் சம்மதிப்பதில்லை. இதைப் படம் நிறுத்தி நிதானமாக அழுதுகாட்டாமல் போகிறபோக்கில் வைத்துவிட்டுப் போகிறது. எனக்கு இரண்டாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது.

படத்தின் அழகான இடம் எது என்றால் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். பியேர் மொரான்ஷ் என்ற பையனுக்குத் தேவகானக் குரல். தன் அம்மாவிடம் மத்யூ வழிவதைப் பார்த்து ஆத்திரத்தில் மேலேயிருந்து அவர் தலையில் மையைக் கொட்டிவிடுகிறான். உனக்குத் தனிப்பாடல் கிடையாது என்று மத்யூ ஒதுக்கிவிடுகிறார். பள்ளிக்கு நன்கொடை தரும் சீமாட்டி வருகிற நாள். குழு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் இரவுப் பாட்டைப் பாடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இசை. இவன் தூணோரமாகத் தனியே நிற்கிறான். தனிக்குரல் வரவேண்டிய இடம் நெருங்குகிறது. மத்யூ அவன் பக்கம் திரும்பிக் கையை நீட்டுகிறார், அவ்வளவுதான். பேச்சே இல்லை. அவன் பாட ஆரம்பிக்கும்போது அந்த முகத்தைக் கவனியுங்கள். மன்னிப்பு கிடைத்த பையனின் முகம் அது.

அந்த முகம் ஜான் பாப்திஸ்த் மொனியேயுடையது. லியோன் நகரத்துச் சேன் மார்க் சிறுவர் பாடகர் குழுவில் இருந்தவன், குரலும் அவனுடையதே. படம் எடுக்கும்போது பன்னிரண்டு பதிமூன்று வயது. இந்தக் குரலுக்கு ஆயுள் குறைவு. மகரக்கட்டு உடைந்தால் போச்சு. படம் இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போயிருந்தால் இந்த மொரான்ஷ் கிடைத்திருக்க மாட்டான். மற்றப் பாடல்களுக்கு இசை புரூனோ கூலே. இயக்குநர் கிரிஸ்தோஃப் பராத்தியே கிளாசிக்கல் கிட்டார் பயின்றவர், இது அவருடைய முதல் முழுநீளப் படம். 1945-இல் ஜான் திரெவில் எடுத்த ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தின் மறுவடிவம் இது. கதை அவர்களுடைய சொந்தச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குறை சொல்லவேண்டுமானால் ராஷான் பாத்திரம் கொஞ்சம் தட்டை. ஒரே ஒரு காட்சியில் மேசைமேல் ஏறிக் காகித விமானம் விடும்போது மட்டும் மனிதனாகத் தெரிவார். பையனின் அம்மாமேல் மத்யூவுக்கு வரும் ஆசையும் பாதியில் நிற்கிறது. அப்புறம் அந்த ஆரம்பம்: வயதாகி, புகழ்பெற்ற இசை நடத்துநராகிவிட்ட மொரான்ஷுக்கு அம்மா இறந்த செய்தி வருகிறது, ஊருக்குத் திரும்புகிறார், பழைய நினைவு. அந்த வேடத்தில் வருபவர் படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநரின் மாமாவுமான ஜாக் பெரான். 1988-இல் வந்த 'சினிமா பாரடிசோ'விலும் இதே பெரான், இதேபோல ஒரு சாவுச் செய்தி கேட்டு நினைவில் மூழ்கும் வேடத்தில்தான் வந்தார்! பெப்பினோவாக வருவது பெரானின் சொந்த மகன் மாக்ஸான்ஸ். குடும்பப் படம் என்று கிண்டலடிக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையின் கண்களைப் பார்த்தபிறகு எனக்கு மனசு வரவில்லை.

பிரான்சில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. 2005 ஆஸ்கரில் வெளிநாட்டுப் படம், பாடல் என்று இரண்டு பிரிவுகளில் பரிந்துரை. மேடையில் அந்தப் பாடலை அமெரிக்கப் பாடகி பியான்சே பிரெஞ்சிலேயே பாடினார். பரிசு இரண்டுமே கிடைக்கவில்லை.

பார்ப்பதென்றால் நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு, சப்டைட்டிலோடு பிரெஞ்சிலேயே பாருங்கள். முதல் கால் மணி நேரம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா வந்து கூட்டிப்போவார் என்று பெப்பினோ பள்ளிக் கேட்டருகே நிற்பான். அவன் அப்பா போரிலேயே இறந்துவிட்டவர். கடைசிக் காட்சியை நான் சொல்லப்போவதில்லை. மத்யூவை வேலையை விட்டு அனுப்புகிறார்கள், அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். அன்றைக்கு என்ன கிழமை என்பதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.