மாப்பிள்ளைக்கும் ரத்தம் பாருங்கள்

கேள்வி: எங்களுக்கு அட்டப்பாடியில் அகளி பக்கம். இருளர் சமூகம். காலேஜில் படிக்கும் மகளுக்கு முகாமில் ரத்தம் பார்த்து, ‘சிக்கிள் செல் ஏ.எஸ்.’ என்று அட்டை கொடுத்தார்கள். என் அண்ணன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருக்கிறோம். விஷயம் தெரிந்ததிலிருந்து அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “உங்க ரத்தத்துலயே கோளாறு” என்கிறார். எங்கள் ஜனங்களுக்கு ஏன் இது வருகிறது? இந்தக் கல்யாணம் நடக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் நோயாளி இல்லை. ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினுக்கு அப்பாவிடமிருந்து ஒரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வருகிறது. இரண்டும் மாறியிருந்தால் எஸ்.எஸ்.; அதுதான் சிக்கிள் செல், அதாவது அரிவாள் அணு நோய். மகளுக்கு ஒன்றுதான் மாறியிருக்கிறது; அதைத்தான் ஏ.எஸ். என்கிறோம். மருந்து வேண்டாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். ஆபரேஷன், பிரசவம் என்று போகும்போது டாக்டரிடம் அட்டையைக் காட்டினால் போதும். அடிக்கடி சோர்வாக இருக்கிறாள் என்றால் பழியை ஏ.எஸ். மேல் போடாமல், இரும்புச்சத்து குறைவா என்று பாருங்கள்.

மாணவனாக இருந்தபோது இந்தச் சோதனையை நானே செய்திருக்கிறேன். ஒரு சொட்டு ரத்தத்தில் மருந்துநீர் கலந்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, காற்றுப் புகாமல் ஓரத்தை அடைக்க வேண்டும். முதலில் மைக்ராஸ்கோப்பில் எல்லாமே வட்டம், நடுவில் விரலால் அமுக்கிய சீடை மாதிரி. காத்திருந்து மறுபடி பார்த்தால் பல அணுக்கள் கதிர் அறுக்கும் அரிவாளாக வளைந்து கிடக்கும். ஆக்ஸிஜன் குறைந்ததால் வந்த மாற்றம் அது. எஸ்.எஸ். உள்ளவர்களுக்கு இது உடம்புக்குள்ளேயே நடக்கிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்புக்குள் குடைவது போல வலிக்கும். சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். இது 10 முதல் 20 நாளில் உடைந்துவிடும்.

இவ்வளவு துன்பம் தரும் மாற்றம் ஏன் அழிந்து போகவில்லை? நீங்கள் கேட்டதும் இதைத்தானே. உங்கள் மலைகளின் பழைய குளிர்காய்ச்சலில் இருக்கிறது பதில். 1897-இல் மலேரியாவை ஆராய நீலகிரியின் சீகூர் மலைப்பாதைக்கு வந்த ரொனால்ட் ராஸுக்கே அங்கே மலேரியா கண்டது. அந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்தவர்களை நினைத்துப் பாருங்கள். மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்துதான் பெருகும். ஏ.எஸ். ரத்தத்தில் கிருமி புகுந்த அணு சீக்கிரம் வளைகிறது; மண்ணீரல் அதை வடிகட்டி, கிருமியோடு சேர்த்து அழித்துவிடுகிறது. காய்ச்சலே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பார்த்ததில், உயிரைப் பறிக்கும் கடுமையான மலேரியா ஏ.எஸ். உள்ளவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்கு குறைவு.

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மாற்றமே இல்லாத பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எஸ்.எஸ். பிள்ளை வலியிலும் சோகையிலும் போயிற்று. நடுவில் இருந்த ஏ.எஸ். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றது. இப்படியே பல நூறு தலைமுறை. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். ஆண்டனி அலிசன் என்ற ஆராய்ச்சியாளர் 1954-இல் ஆப்பிரிக்காவில் இந்தத் தொடர்பைக் காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்பே ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுவைக் கண்டு எழுதியிருந்தார்கள். மலேரியா வாட்டிய அரேபியாவிலும் கிரேக்க நாட்டிலும்கூட இது உண்டு. ஆக, இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை. உங்கள் பாட்டிகளும் பூட்டிகளும் காய்ச்சலிலிருந்து பிழைத்து வந்ததன் அடையாளம். காய்ச்சல் இப்போது அடங்கிவிட்டது. பாதுகாப்புக்குத் தேவை குறைந்தது, எஸ்.எஸ். துன்பம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அதனால்தான் கல்யாணப் பேச்சில் கவனம் வேண்டும். மகளுக்கு இது உங்கள் வழியாக வந்திருந்தால், கூடப் பிறந்த உங்கள் அண்ணனுக்கும் இருக்கலாம். அவர் மகனுக்கும் வந்திருக்கலாம். அண்ணியிடம் இதைச் சண்டையாக இல்லாமல், உட்கார வைத்து நிதானமாகச் சொல்லுங்கள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால் தாராளமாக நடத்துங்கள். எந்தக் குழந்தைக்கும் நோய் வராது. அவரும் ஏ.எஸ். என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு எஸ்.எஸ். ஆக வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று தப்பும் என்று கணக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

அப்போதும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். முடிவு மகளும் அந்தப் பையனும் எடுக்க வேண்டியது. கர்ப்பத்தின் மூன்றாம் மாதமே குழந்தைக்குச் சோதனை செய்ய முடியும். எஸ்.எஸ். குழந்தை பிறந்தாலும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்து பென்சிலினும் தடுப்பூசியும் பின்னர் ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்தும் கொடுத்தால் பெரிய ஆபத்துகள் குறையும்.

2023-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை உண்டு. உங்கள் ஊர் ஆஷா ஊழியரிடம் கேளுங்கள். உங்களுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். மாப்பிள்ளையின் அட்டை வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதில் என்ன இருக்கிறதோ, அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.