மேஜ்-ஏ3 என்று வாங்கிய ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது?

கேள்வி: நுரையீரல் ஸ்குவாமஸ் செல் புற்றுக்கட்டிகளின் பாரஃபின் பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசுக்களில்), புற்றுக்கட்டிகளில் தோன்றும் மேஜ்-ஏ3 புரதத்துக்கானது என்று வாங்கிய 57பி குளோன் ஆன்டிபாடியைக் (ஒரே செல்வழியிலிருந்து பெறப்பட்ட, குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் எதிர்ப்புப் புரதத்தைக்) கொண்டு சாயமேற்றினேன். சில கட்டிகள் அடர்பழுப்பாகின்றன. அதே கட்டிகளில் ஆர்டி-பிசிஆர் (மரபணு இயங்குகிறதா என்று ஆர்என்ஏ-வில் பார்க்கும் சோதனை) மேஜ்-ஏ3 இல்லை என்கிறது. எதை நம்புவது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே சரியாக இருக்கும், ஐயப்பட வேண்டியது குப்பியின் மேல் ஒட்டிய பெயரை. 57பி, மேஜ்-ஏ3 புரதத்தைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பெறப்பட்டதுதான். ஆயினும் கட்டித் திசுவில் அது சாயமேற்றுவது மேஜ்-ஏ4 மரபணு இயங்கும் செல்களையே என்பது 2000ஆம் ஆண்டிலேயே ஆய்விதழில் வெளிவந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோமில் அருகருகே அமைந்த மேஜ்-ஏ மரபணுக்களின் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கி ஒத்திருப்பதால், ஒன்றுக்காக உருவான ஆன்டிபாடி மற்றொன்றைப் பிடிப்பதில் வியப்பில்லை. ஸ்குவாமஸ் புற்றில் மேஜ்-ஏ4 அடிக்கடி காணப்படுவதும் உங்கள் முடிவோடு பொருந்துகிறது.

எனவே, கைவசம் உள்ள அதே ஆர்என்ஏ-வில் மேஜ்-ஏ4 பிரைமர்களை (அந்த மரபணுவைப் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டுகளை) முதலில் ஓட்டிப் பாருங்கள். ஆர்என்ஏ-வை டிஎன்ஏஸ் (டிஎன்ஏ-வைச் சிதைக்கும் நொதி) கொண்டு சுத்தப்படுத்திய பிறகே ஓட்ட வேண்டும். மேஜ்-ஏ மரபணுக்களின் புரதக் குறியீடு முழுவதும் ஒரே எக்ஸானில் (இடையில் வெட்டி நீக்கப்படாத தொடர் பகுதியில்) இருப்பதால், அப்பகுதிக்குள் அமைந்த பிரைமர்கள் கலந்துவிட்ட டிஎன்ஏ-வையும் பெருக்கிக் காட்டிவிடும்.

விந்தகத் திசுவை நேர்மறைக் கட்டுப்பாடாக (சாயம் ஏறியே தீர வேண்டிய ஒப்பீட்டுத் திசுவாக) வைத்திருப்பீர்கள். விந்துமூலச் செல்கள் பழுப்பாகி, விந்தகத்தின் துணைச் செல்களான செர்டோலி, லெய்டிக் செல்கள் வெளுத்திருந்தால் சாயமேற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் இக்குடும்பத்தின் பல மரபணுக்களும் அங்கே இயங்குவதால், பிடிபட்டது எந்தப் புரதம் என்பதை விந்தகம் சொல்லாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. டெசிடபின் (அடங்கிக் கிடக்கும் மரபணுக்களை இயக்கவல்ல மருந்து) கொடுத்துத் தூண்டிய செல்களும் பல மேஜ் மரபணுக்களை ஒருசேர இயக்குவதால் இதற்கு உதவா. மேஜ்-ஏ எதுவும் இயங்காத செல்வரிசை ஒன்றில் ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியே புகுத்தி, ஃபார்மலினில் நிலைப்படுத்தி, பாரஃபின் பிளாக்காக்கி, கட்டியோடு ஒரே நாளில் சாயமேற்றுவதே தீர்வான சோதனை. முதன்மை ஆன்டிபாடி (இங்கே 57பி) இல்லாத ஒரு ஸ்லைடும் உடன் இருக்கட்டும். நுரையீரலில் படிந்த கரித்துகள் சாயம் போலத் தெரிந்து கண்ணை ஏமாற்றும்.

கட்டுரையில் "மேஜ்-ஏ3 நேர்மறை" என்று எழுதாமல், "57பி நேர்மறை" என்று குளோன் பெயரோடு எழுதுங்கள். மேஜ்-ஏ4-ஐக் குறிவைக்கும் டி-செல் (நோயெதிர்ப்புச் செல்) சிகிச்சைக்கு 2024இல் அமெரிக்காவில் சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுக்கு அனுமதி கிடைத்துள்ளது. அதற்கு நோயாளிகளைத் தேர்வு செய்வது 1எஃப்9 குளோனைக் கொண்ட தனிச் சோதனை. ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று விற்கப்படும் உங்கள் குப்பியின் முடிவை நோயாளியின் கோப்பில் சேர்க்கக் கூடாது.