மணல் ஊற்றும் செவ்வாய்க் கால்வாயும்

கே: கொழும்பில் கடை வேலை பார்த்த எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், அட்டை கிழிந்த ஆங்கிலக் கதைப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. 40 குடும்பங்கள் விண்கலத்தில் செவ்வாய்க்குப் போய், கால்வாய்க் கரையில் கோதுமை விதைக்கிறார்கள். தண்ணீர் வற்றியதும் கதாநாயகன் மைல் கணக்கில் தரையைக் குடைகிறான். நல்ல தண்ணீர் பீறிடுகிறது. இது எந்தக் காலத்துப் பத்திரிகை? அறிவியல் இவ்வளவு தப்பாக இருக்கிற கதையை என் மகனுக்குச் சொல்லலாமா?
– வாசகி, தொண்டி

ப: தாராளமாகச் சொல்லுங்கள். முதலில் வயதைப் பார்ப்போம். அறிவியல் கதைகளுக்கென்றே தனிப் பத்திரிகை அமெரிக்காவில் தொடங்கியது 1926இல். மட்டமான மரக்கூழ்த் தாளில் வந்ததால் 'பல்ப்' என்று பெயர். 1950களோடு அந்த வகை ஏறக்குறைய முடிந்துவிட்டது. கதையில் ஹிரோஷிமா பற்றி ஒரு வரி வந்தால் 1945க்குப் பிந்தையது. பொருளடக்கப் பக்கம் தப்பியிருந்தால் அதன் அடியில் பொடி எழுத்தைத் தேடுங்கள். மாதமும் வருஷமும் இருக்கும்.

கால்வாய்க்காக எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி தொலைநோக்கியில் பார்த்த கோடுகளை, யாரோ வெட்டிய கால்வாய் என்றே பலர் நம்பினார்கள். 1965 ஜூலையில் மரைனர் 4 என்ற அமெரிக்க ஆளில்லா விண்கலம் செவ்வாயிலிருந்து அனுப்பிய படங்களில் இருந்ததெல்லாம் வெறும் பள்ளங்கள். அந்தக் கலம் கிளம்பியது 1964 நவம்பர் 28. அது பாதி வழிகூடப் போகாதபோது, டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. எனக்கு அப்போது பத்து வயது. அது என் அம்மாச்சி ஊர். இந்த இரண்டையும் பிரித்து நினைக்க எனக்கு இன்றுவரை வருவதில்லை.

என் மனசு ஒப்பாத இடம் தண்ணீர்தான். அம்மாச்சி, அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் மணலைக் கையால் பறிப்பார். முழங்கை ஆழம் போனதும் ஊறி வரும். சிரட்டையைச் சாய்த்து, கலங்காமல் மொண்டு குடத்தில் ஊற்றுவார். குடம் நிறைய வெகுநேரம் ஆகும். பொறுக்காமல் நான் இன்னும் தோண்டப் போனால் புறங்கையில் ஒரு அடி விழும். மழைத்தண்ணீர் லேசானது, உப்புத்தண்ணீர் மேல் மிதந்து கிடக்கிறது. ஆழம் போனால் உப்பு ஏறிவிடும். செவ்வாய்க்குப் போன 40 குடும்பத்தில் ஒரு அம்மாச்சிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். கதையைச் சொல்லிவிட்டு மகனைத் தனுஷ்கோடிக்குக் கூட்டி வாருங்கள். ஊற்றுத் தண்ணீரை அவன் ஒரு வாய் குடிக்கட்டும்.

கே: என்னிடமும் அப்படி நாலைந்து பத்திரிகைகள் உண்டு. தொட்டால் அப்பளமாக நொறுங்குகின்றன. செலோடேப் ஒட்டலாமா?
– வாசகர், கீழக்கரை

ப: வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மரக்கூழில் உள்ள அமிலமே தாளைத் தின்கிறது, கடற்கரை ஈரம் அதற்குத் துணை. பரணில் போடாமல், வெயில் படாத இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். அதற்கு முன் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கே: இந்தக் குடியேற்றக் கதைகளில் பெண்களுக்கு வேலையே இல்லையே?
– வாசகி, பாம்பன்

ப: பழையவற்றில் பெரும்பாலும் அப்படித்தான், சமைப்பார்கள், இல்லையென்றால் அலறுவார்கள். இத்தனைக்கும் எழுதியவர்களில் பெண்கள் உண்டு. சிலர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டதால் வாசகர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

பெண்ணுக்கு வேலை கொடுக்கும் கதைக்கு ஒரு யோசனை சொல்கிறேன். விண்வெளியில் பாசி வளர்த்துக் காற்றைச் சுத்தம் செய்வது வெறும் கற்பனையல்ல. 1970களில் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்கில் மூடிய கூடத்துக்குள் குளோரெல்லா பாசி வளர்த்து, ஆட்களை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார்கள். உங்கள் ஊர்ப் பெண்களை நினைத்துப் பாருங்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் திணிக்கிறார்கள். அப்படி ஒருத்தி விண்கலத்தில் ஏறட்டும். பாசித்தொட்டியில் கை விட்டதுமே அவளுக்குக் காற்று கெடப்போவது தெரியட்டும். அந்தக் கதையை நீங்களே எழுதி அனுப்புங்கள், கையெழுத்துப் பிரதியானாலும் போதும்.