ஜான் டெபட்டின் கடிதக் கட்டுகள்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பழைய 100 டாலர் நோட்டில் இடம்பெற்ற ஜான் டெபட், வானியலைத் தொழிலாகக் கொள்ளாதவர் என்று படித்தேன். அவர் கண்டறிந்தவை அக்காலத்திலேயே அச்சில் வந்துவிட்ட பிறகும், அவருடைய கையெழுத்துத் தாள்களைச் சிட்னி நூலகம் பாதுகாத்து வருவது எதற்காக?

பதில்: டெபட் (1834–1916) சிட்னிக்கு வடமேற்கே, ஹாக்ஸ்பரி ஆற்றங்கரை ஊரான வின்ட்சரில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் அவ்வூரிலிருந்தே வானை ஆராய்ந்தவர். 1861 மே 13 அன்று, மாலுமிகள் பயன்படுத்தும் சிறு தொலைநோக்கி ஒன்றில் மங்கலான ஒளித்திட்டு ஒன்றைக் கண்டார். அடுத்து வந்த இரவுகளில் அது இடம்பெயர்வதை உறுதிசெய்துகொண்ட பின்னரே சிட்னி வானாய்வகத்துக்கும் நாளிதழுக்கும் எழுதினார். ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் தந்தி இணைத்தது 1872இல்தான் என்பதால், அவருடைய செய்தி கப்பலில் போய்ச் சேருவதற்குள், ஜூன் மாத இறுதியில், அந்த வால்மீனே வடகோள வானில் திடீரெனத் தோன்றி அங்கிருந்தோரைத் திகைக்க வைத்தது. அப்படியிருந்தும் முதலில் கண்டவர் அவரே என்று ஏற்கப்பட்டதற்கு, தேதியிட்டு எழுதிவைக்கும் இந்தப் பழக்கமே காரணம்.

மறு ஆண்டு அரசு வானியலாளர் பதவி தேடி வந்தபோது அதை மறுத்துவிட்டு, 1863இல் தம் நிலத்திலேயே சிறியதொரு வானாய்வகத்தை அமைத்துக்கொண்டார். அலுவலகக் கடமைகளில் சிக்காமல் இருந்ததால்தான் அத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் வானை நோக்க முடிந்தது என்பது என் கருத்து. 1881இல் மற்றொரு பெரிய வால்மீனையும் அவரே கண்டுபிடித்தார். தென்கோளத்தில் வானை நோக்குவோர் மிகச் சிலரே இருந்த அக்காலத்தில், ஐரோப்பாவிலிருந்து பார்க்க இயலாத நாட்களில் ஒரு வால்மீன் எங்கே இருந்தது என்பதை அறிய, வின்ட்சரின் அளவீடுகள் பெரிதும் உதவின.

இனி, நூலகத்தைப் பற்றி. நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தின் மிட்செல் பிரிவில் அவருடைய குறிப்பேடுகளோடு, உலகெங்குமிருந்து வானியலாளர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களும் உள்ளன. அச்சுக்குப் போனவை பெரும்பாலும் முடிவுகளே; அந்த முடிவுகளுக்கு அவர் எப்படி வந்தார், யாரிடம் எதைக் கேட்டறிந்தார் என்பதையெல்லாம் இந்தத் தாள்களில்தான் தேட வேண்டும். 1908இல் அவரே தம் வானியல் நினைவுகளை நூலாக வெளியிட்டார் என்பது உண்மைதான். ஆனால் பிற்காலத்தில் சிட்னி அரசு வானியலாளர் ஹென்றி ரஸ்ஸலுக்கும் அவருக்கும் இடையே வளர்ந்த கசப்பு போன்ற விவகாரங்களில், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பினர் எழுதிய கடிதங்களையும் அருகில் வைத்துப் படித்தாக வேண்டும்.